பேக்கரியில் அவரைக் கடைசியாகப் பார்த்தது நீங்கள்தான்

கேள்வி: திருப்பூர் பக்கம் தனி ஆளாக டிடெக்டிவ் ஏஜென்சி நடத்துகிறேன். வயது 43. முக்கால்வாசி வேலை கல்யாண விசாரணைதான். கணவரைப் பிரிந்து அம்மா வீட்டில் இருந்த ஒரு பெண்ணுடன் 3 வருடமாகப் பழக்கம். அவருக்கு விவாகரத்து இன்னும் முடியவில்லை. 47 நாட்களுக்கு முன் காணாமல் போனார். மூன்றாம் நாள் காலை, வீட்டுக்குப் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் மிதந்தார். செருப்பு கிணற்று மேட்டில் ஜோடியாக இருந்தது. தற்கொலை என்று போலீஸ் முடிக்கப் பார்க்கிறது. ஆனால் பின்மண்டையில் காயம் இருந்தது. இது கொலை, செய்தது கணவர்தான். அன்றிரவு அவர் போன் அதே டவரில் இருந்ததற்கு சி.டி.ஆர். (போன் அழைப்பு விவரப் பதிவு) வாங்கி வைத்திருக்கிறேன். காணாமல் போன அன்று மாலை நாங்கள் ஒரு பேக்கரியில் சந்தித்தோம், சண்டை வந்தது. நான் குடித்திருந்தேன். போலீஸ் கேட்டபோது சேலத்தில் இருந்தேன் என்று சொல்லிவிட்டேன். பேக்கரி கேமராப் பதிவை என் செல்லில் பிடித்து வைத்திருக்கிறேன். அந்தப் பெண்ணின் அறையிலிருந்து எடுத்த ஒரு நோட்டும் பழைய போனும் என்னிடம் இருக்கின்றன. 6 மாதம் முன்பு சந்தேகப்பட்டு அவர் போனில் ஒரு ஆப் போட்டேன், அதை யாரிடமும் சொன்னதில்லை. கொலையை நிரூபிக்க வழி சொல்லுங்கள். யூடியூப் சேனல் ஒன்று பேட்டி கேட்கிறது, கொடுக்கலாமா?

பதில்: நண்பரே, உங்கள் 14 பக்கக் கடிதத்தை மேலே இவ்வளவாகச் சுருக்கியிருக்கிறேன். அடையாளம் தெரியக்கூடிய எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். உங்கள் நன்மைக்காகத்தான். ஒரு வக்கீலிடம் கட்சிக்காரராகப் போய்ச் சொல்வதை, உங்கள் சம்மதம் இல்லாமல் அவர் வெளியே சொல்லக் கூடாது என்று சாட்சியச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. பத்திரிகைக்கு எழுதும் கடிதத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. பதில் சொல்பவன் வக்கீலாகவே இருந்தாலும் கிடையாது. அதனால் எனக்கு இன்னொரு கடிதம் எழுத வேண்டாம். உங்கள் ஊரிலேயே ஒரு கிரிமினல் வக்கீலைப் பார்த்து, வக்காலத்தில் கையெழுத்துப் போட்டு, அவரிடம் பேசுங்கள். இந்த வாரமே.

யூடியூப் பேட்டி வேண்டாம். அதற்கு இதற்கு மேல் பதில் இல்லை.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது கணவரைப் பற்றிய நாலு பக்கமும் அல்ல, பின்மண்டைக் காயமும் அல்ல. 11-ஆம் பக்கத்தில், பேக்கரிச் சண்டையை எழுதிவிட்டுப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "அதற்கப்புறம் எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று சரியாக நினைவில்லை." அடுத்த வரியிலேயே கணவருடைய டவருக்குத் தாவிவிட்டீர்கள்.

27 வருடமாகக் கொலை வழக்குகளில் ஆஜராகிறேன், பெரும்பாலும் எதிரி தரப்புக்கு. (கோர்ட்டில் குற்றம் சாட்டப்பட்டவரை "எதிரி" என்றுதான் சொல்வோம். உங்களுக்குத் தெரியும், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்.) அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். இந்தக் கடிதத்தை ஒரு இன்ஸ்பெக்டர் படித்தால் கணவரைத் தேடி முதலில் போக மாட்டார், உங்கள் வீட்டுக்குத்தான் வருவார். இறந்தவரை உயிரோடு கடைசியாகப் பார்த்தவர் நீங்கள். அன்று சண்டை போட்டவர், போதையில் இருந்தவர், எங்கே இருந்தோம் என்று பொய் சொன்னவர் எல்லாம் நீங்கள்தான். இறந்தவருடைய பொருட்கள் இருப்பது உங்கள் வீட்டில். அவர் போனை வேவு பார்த்ததும் நீங்கள். நீங்கள் செய்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. கடிதத்தைப் படித்தவரை அப்படி நினைக்கவும் இல்லை. ஆனால் நீங்கள் நடத்த நினைக்கும் விசாரணையில் உங்கள் பெயர் எங்கே வர வேண்டுமோ, அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறீர்கள்.

சேலம் விஷயத்துக்கு வருவோம். எஸ்.ஐ. வாய்மொழியாகக் கேட்டார், நீங்கள் வாய்மொழியாகச் சொன்னீர்கள், கையெழுத்து எதுவும் போடவில்லை, அதனால் பிரச்சினை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். விசாரணையில் போலீஸிடம் சொல்லும் வாக்குமூலத்தில் யாருமே கையெழுத்துப் போடுவதில்லை, போடவும் கூடாது. அதை மட்டுமே வைத்து உங்களுக்கு எதிராக எதையும் நிரூபிக்க முடியாது என்பதும் சரி. ஆனால் நாளைக்கு நீங்கள் கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னால், முன்பு சொன்னதை எடுத்துக் காட்டி உங்களை முறித்துப் போடலாம். கணவர் தரப்பு வக்கீலாக நான் இருந்தால் இப்படித்தான் கேட்பேன்.

"சம்பவத்தன்று சேலத்தில் இருந்ததாகப் போலீஸிடம் சொன்னீர்களா?"

"சொன்னேன்."

"சேலத்தில் இருந்தீர்களா?"

"இல்லை."

"பேக்கரி ஓனரிடம் இன்வெஸ்டிகேஷன் ஆபீசர் என்று ஒரு கார்டைக் காட்டினீர்களா?"

"காட்டினேன்."

"நீங்கள் ஆபீசரா?"

இதற்கு மேல் நான் ஒன்றும் கேட்க மாட்டேன், உட்கார்ந்துவிடுவேன். நீங்கள் சொன்ன நல்ல விஷயங்களும் அந்த நாலு கேள்வியோடு சேர்ந்து போய்விடும். உங்களை நம்பித்தான் கேஸ் என்றால் உண்மையான கொலைகாரன் சிரித்துக்கொண்டே வெளியே வருவான்.

அந்தக் கார்டைப் பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டில் தனியார் துப்பறிவாளருக்கென்று லைசென்ஸ் சட்டமே கிடையாது. 2005-ல் வந்த சட்டம் செக்யூரிட்டி ஏஜென்சிகளுக்கானது, அதாவது வாட்ச்மேன் அனுப்புகிறவர்களுக்கு. துப்பறியும் ஏஜென்சிகளை முறைப்படுத்த 2007-ல் ராஜ்யசபாவில் ஒரு மசோதா வந்தது, சட்டமாகவில்லை. இதனால் யாரும் போர்டு மாட்டிக்கொள்ளலாம் என்பது ஒரு பக்கம். மறுபக்கம், தெருவில் போகிற ஒருவரைவிட ஒரு சின்ன அதிகாரம்கூடக் கூடுதலாக உங்களுக்குக் கிடையாது. அரசு அதிகாரி என்று நம்ப வைக்கும் கார்டு இருந்தால் அது தனிக் குற்றம். அதை இனி யாரிடமும் காட்டாதீர்கள். கிழித்தும் போடாதீர்கள், வக்கீலிடம் கொடுங்கள்.

சேலம் பொய்யை நீங்களாகப் போய்த் திருத்த வேண்டும். ஐ.ஓ. (விசாரணை அதிகாரி) உங்கள் நம்பருக்கு முறைப்படி சி.டி.ஆர். கேட்டால் ஒரே நாளில் தெரிந்துவிடும் பொய் அது. அவர் கண்டுபிடித்துக் கூப்பிடுவதும், நீங்கள் வக்கீலோடு போய்ச் சொல்வதும் ஒன்றல்ல. போலீஸ் கேள்விக்கு உண்மையைச் சொல்ல வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது, உங்களையே குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாமல் இருக்கலாம். அதற்கு அரசியல் சாசனத்தின் 20(3) துணை இருக்கிறது. எதைச் சொல்வது, எதில் வாயை மூடிக்கொள்வது என்பதை வக்கீல் உங்களோடு உட்கார்ந்து முடிவு செய்வார். போவதற்கு முன் முன்ஜாமீன் தேவையா என்றும் பார்ப்பார். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் முன்ஜாமீனுக்கு 482-ஆம் பிரிவு. பழைய சட்டத்தில் 482 என்றால் ஹைகோர்ட்டில் எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யக் கேட்கும் பிரிவு. 2024 ஜூலையிலிருந்து வக்கீல்கள் நாங்களே ஒருவரையொருவர் "எந்த 482?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். 302 என்றால் கொலை என்று சினிமா பார்த்தே தெரிந்து வைத்திருந்த ஊரில் அது இப்போது 103.

இப்போது கிணற்றுக்கு வருகிறேன். கொலைதான் என்று நீங்கள் உறுதியாக நம்ப இரண்டு காரணம் சொல்கிறீர்கள், பின்மண்டைக் காயமும் ஜோடியாக இருந்த செருப்பும். போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டில் "இறப்புக்கு முந்தைய காயம்" என்று இருப்பதைச் சிவப்பு மையில் கோடு போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான், காயம் படும்போது உயிர் இருந்தது. யார் அடித்தார்கள் என்றோ, அடித்தார்கள் என்றோகூட அது சொல்லவில்லை. உங்கள் பக்கத்துக் கிணறுகள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பாறை உடைத்து இறக்கியவை. பக்கச் சுவரில் கல் துருத்திக்கொண்டிருக்கும், மோட்டார் பைப்பு இறங்கும், உடைந்த படிகள் இருக்கும். 40 அடி விழுகிற உடம்பு தண்ணீரைத் தொடுவதற்கு முன் அதில் எதில் வேண்டுமானாலும் மோதலாம். அந்தக் காயமும் இறப்புக்கு முந்தையதுதான். மூன்றாம் நாள் மேலே தூக்கும்போது கயிற்றாலோ பாதாளக் கரண்டியாலோ பட்ட காயம் என்றால் அது இறப்புக்குப் பிந்தையது. தண்ணீரில் இரண்டு நாள் ஊறிய உடம்பில் இரண்டையும் பிரித்துச் சொல்வது டாக்டருக்கே எளிதல்ல.

கேட்க வேண்டியவை வேறு. ரிப்போர்ட்டில் டயாட்டம் பரிசோதனைக்கு எலும்பு எடுத்து அனுப்பியதாக இருக்கிறதா என்று பாருங்கள். டயாட்டம் என்பது கிணறு, குளம், ஆறு எல்லாவற்றிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பாசி, அதற்குக் கண்ணாடி மாதிரி ஒரு ஓடு உண்டு. உயிரோடு தண்ணீருக்குள் போனவர் மூச்சிழுக்கும்போது அது நுரையீரலுக்குப் போய், இதயம் துடித்துக்கொண்டிருப்பதால் ரத்தத்தோடு எலும்பு மஜ்ஜை வரை போகும். இறந்த பிறகு போட்டால் அவ்வளவு தூரம் போவதற்கு ரத்த ஓட்டம் இருக்காது. ஒப்பிட்டுப் பார்க்க அதே கிணற்றுத் தண்ணீரும் வேண்டும். அதை எடுத்தார்களா என்று கேளுங்கள், பல கேஸ்களில் இதைத்தான் மறந்துவிடுவார்கள். கை விரல்களுக்குள் புல்லோ பாசியோ மண்ணோ இறுகப் பிடித்திருந்ததா, வாயில் மூக்கில் நுரை இருந்ததா என்பதையும் ரிப்போர்ட்டில் தேடுங்கள். உள்ளுறுப்புகளை ரசாயனப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால் அந்த முடிவு வந்ததா என்று பார்க்க வேண்டும். மயக்க மருந்தோ விஷமோ கொடுத்திருந்தால் அங்கேதான் தெரியும். அது வராமல் இறுதிக் கருத்து சொல்லவே கூடாது.

இவ்வளவும் சாதகமாக வந்தாலும் ஒன்றை நினைவில் வையுங்கள். டயாட்டம் இருந்தால் அவர் தண்ணீரில் மூச்சுத் திணறி இறந்தார் என்று தெரியும். குதித்தாரா, தவறி விழுந்தாரா, தள்ளினார்களா என்று எந்த லேபும் சொல்லாது. அதைச் சொல்லக்கூடிய இடம் கிணற்று மேடு. அன்று போலீஸ் எழுதிய பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் குறிப்பு), வரைபடம், எடுத்த போட்டோக்கள், உடலைத் தூக்கிய தீயணைப்பு வீரர்கள் இவைதான் முக்கியம். அந்த வீரர்களிடம் யாராவது வாக்குமூலம் வாங்கினார்களா என்றே தெரியவில்லை. உடல் எந்த நிலையில் இருந்தது, எதை வைத்துத் தூக்கினார்கள், பக்கச் சுவரில் ரத்தமோ முடியோ பார்த்தார்களா என்று முதலில் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான்.

செருப்பைப் பற்றி நீங்கள் ஒரு முழுப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அவர் தோட்டத்துக்குள் வெறுங்காலோடு நடக்க மாட்டார், அதனால் யாரோ கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் என்கிறீர்கள். கிணற்றில் விழப் போகிற பெண்கள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போவது நம் ஊர்ப் போலீஸ்காரர்கள் நூறு தடவை பார்த்தது. தற்கொலை போல ஜோடித்த கொலையிலும் செருப்பை வைப்பார்கள், அதுவும் உண்மை. எதற்கும் ஒத்துவருகிற தடயத்தால் எதையும் நிரூபிக்க முடியாது.

புனேயில் 1982-ல் கல்யாணமாகிச் சில மாதங்களே ஆன ஒரு பெண் விஷத்தால் இறந்தார். கணவருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது, பம்பாய் ஹைகோர்ட்டும் உறுதி செய்தது. 1984-ல் சுப்ரீம் கோர்ட் அவரை விடுதலை செய்தது. சரத் பிர்திசந்த் சார்தா வழக்கு என்று சட்டக் கல்லூரி முதல் வருடத்திலேயே படிப்போம். அந்தப் பெண் தற்கொலை செய்துகொண்டிருக்கலாம் என்ற வாய்ப்பை அரசுத் தரப்பால் முழுசாக அடைக்க முடியவில்லை என்பது விடுதலைக்குப் பெரிய காரணம். நேரில் பார்த்த சாட்சி இல்லாத கேஸில் "செய்திருக்கலாம்" போதாது, "இவரைத் தவிர வேறு யாரும் செய்திருக்கவே முடியாது" என்று வர வேண்டும். நீங்கள் அனுப்பிய 14 பக்கத்தில் "செய்திருக்கலாம்" 9 இடத்தில் வருகிறது, எண்ணிப் பார்த்தேன்.

அடுத்தது அந்த சி.டி.ஆர். யாரிடம் வாங்கினீர்கள் என்று எழுதாமல் விட்டீர்கள், நல்லது. 2018-ல் மகாராஷ்டிராவின் தானே நகரப் போலீஸ் சி.டி.ஆர். விற்ற ஒரு கும்பலைப் பிடித்தபோது உங்கள் தொழிலில் இருந்தவர்கள் பலர் உள்ளே போனார்கள். அப்போது சட்டம் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் பாய்ந்தது. இப்போது 2023-ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு நேராகவே சொல்கிறது. அழைப்பு விவரப் பதிவை அனுமதியில்லாமல் எடுத்தாலோ எடுக்க முயன்றாலோ 3 வருடம் வரை சிறை, அல்லது 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 ஜூனிலிருந்து நடைமுறையில் இருக்கிறது.

சட்டவிரோதமாகக் கிடைத்த சாட்சியம் என்பதற்காக மட்டும் கோர்ட் ஒதுக்கிவிடாது என்று நீங்கள் எங்கேயோ படித்திருக்கிறீர்கள். சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். 1970-களின் தொடக்கத்தில் மல்கானி வழக்கில் சுப்ரீம் கோர்ட் அப்படிச் சொன்னது. வேடிக்கை என்னவென்றால் அதில் மாட்டியவர் பம்பாய் நகரக் கொரோனர், சந்தேக மரணங்களை விசாரிக்க வேண்டியவர், லஞ்சம் பேசியதை டேப் செய்துவிட்டார்கள். ஆனால் சாட்சியமாக ஏற்பது வேறு, அதைக் கொண்டுவந்தவரைத் தண்டிக்காமல் விடுவது வேறு. உங்களிடம் இருப்பது யாரோ அனுப்பிய எக்செல் ஷீட். டெலிபோன் கம்பெனி அதிகாரியின் சான்றிதழ் இல்லாமல் அது வெறும் பேப்பர்.

அதைவிடப் பெரிய விஷயம், அந்த ஷீட் உங்களுக்குத் தேவையே இல்லை. குறிப்பிட்ட தேதிகளுக்கு, குறிப்பிட்ட நம்பர்களின் பதிவுகளை வரவழைக்க வேண்டும் என்று இறந்தவருடைய அம்மா கொடுக்க வேண்டிய மனுவில் (அதைப் பின்னால் சொல்கிறேன்) கேட்டால் போதும். கம்பெனிகள் இரண்டு வருடம் வரை அதை வைத்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, இப்போது 47 நாள்தான் ஆகிறது. ஐ.ஓ. முறைப்படி வாங்கும்போது சான்றிதழோடு வரும்.

வந்தாலும் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். கணவருடைய போன் "அதே டவரில்" இருந்தது என்கிறீர்கள். அவர் வீடு கிணற்றிலிருந்து 3 கிலோமீட்டர் என்று நீங்களே 6-ஆம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். கிராமப் பக்கத்தில் ஒரு டவர் பல கிலோமீட்டர் வீச்சுக்குச் சிக்னல் தரும். கணவர் வீட்டில் படுத்துத் தூங்கியிருந்தாலும் அதே டவர்தான் காட்டும். தினமும் எந்த டவரைக் காட்டுகிறது, அன்றிரவு மட்டும் ஏதாவது மாறியதா, டவரின் எந்தப் பக்கத்து ஆன்டெனா எடுத்தது என்று பார்த்தால் கொஞ்சம் சொல்லலாம். கல்யாண விசாரணையில் மாப்பிள்ளை ராத்திரி பத்து மணிக்கு எங்கே போகிறார் என்று பார்ப்பதற்கு அந்த அளவு துல்லியம் போதும். ஆயுள் தண்டனைக்குப் போதாது.

பேக்கரிக் கேமராவை நினைத்தால்தான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. 12-ஆம் நாளிலேயே போயிருக்கிறீர்கள். பதிவு அப்போது கேமராவின் ரெக்கார்டர் பெட்டியில் இருந்தது. சின்னக் கடைகளில் 15 நாளோ 30 நாளோ ஆனால் பழையதன் மேல் புதியது ஏறிவிடும். அன்றே ஐ.ஓ.வுக்கு எழுத்தில் கொடுத்து, பெட்டியைக் கைப்பற்றச் சொல்லியிருந்தால் ஒரு நல்ல சாட்சியம் கிடைத்திருக்கும். நீங்கள் டிவி திரையைச் செல்லில் படம் பிடித்துக்கொண்டு, ஓனரையும் பயமுறுத்திவிட்டு வந்தீர்கள். ஏன் சொல்லவில்லை என்பதும் தெரிகிறது. அந்தப் பதிவில் நீங்கள் இருக்கிறீர்கள், சேலத்தில் இல்லை. ஒரு பொய்யைக் காப்பாற்றப் போய் ஒரு தடயத்தை விட்டீர்கள். இப்போதும் ஹார்டு டிஸ்க்கை எடுத்தால் லேபில் ஏதாவது மீட்க வாய்ப்பிருக்கிறது. ஒவ்வொரு நாளும் அது குறையும்.

நோட்டும் போனும். அறையைப் போலீஸ் பூட்டவில்லை, அம்மா வெளியே போயிருந்தார், என்னிடம் சாவி இருந்தது என்கிறீர்கள். சரி, அது நடந்துவிட்டது. இனி போனை ஆன் செய்யாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், லாக்கை உடைக்க யாரிடமும் கொடுக்காதீர்கள். ஆன் செய்தாலே உள்ளே பல விஷயங்கள் மாறும், அப்புறம் எது அவர் வைத்தது, எது நீங்கள் வைத்தது என்று பிரிக்க முடியாது. நோட்டில் இன்னும் விரல் படாமல் ஒரு கவரில் போட்டு, இரண்டையும் எப்போது எங்கிருந்து எடுத்தீர்கள் என்ற குறிப்போடு வக்கீலிடம் கொடுங்கள். அவர் மனுவோடு ஐ.ஓ.விடமோ நீதித்துறை நடுவரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குவார். நோட்டில் உங்களைப் பற்றி நல்லதாக ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பக்கங்களும் சேர்ந்துதான் போக வேண்டும். ஒரு தாள் குறைந்தாலும் தடயத்தை அழித்த குற்றம் உங்கள் மேல் வரும், அதற்கப்புறம் மீதித் தாள்களையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆப் விஷயத்தில் நான் நாசூக்காகப் பேசப் போவதில்லை. ஒரு பெண்ணின் போன் உபயோகத்தை அவருக்குத் தெரியாமல் கண்காணிப்பது பின்தொடர்தல் என்ற குற்றம், ஐ.டி. சட்டத்திலும் குற்றம். காதலர் என்பதால் விலக்கு கிடையாது. "பாதுகாப்புக்காக" என்று முதலில் எழுதி, அடித்துவிட்டு "சந்தேகப்பட்டு" என்று எழுதியிருக்கிறீர்கள். அடித்து எழுதியது எனக்குப் பிடித்திருந்தது. அந்த ஆப்பில் அவருடைய கடைசி நாட்களின் இருப்பிடமோ மெசேஜோ உங்கள் கணக்கில் சேமிப்பாகியிருக்கலாம். அழிக்கக் கூடாது. அதை வைத்து என்ன செய்வது என்று இங்கே பொதுவில் எழுத முடியாது, உங்களுக்குத் தண்டனை வரக்கூடிய விஷயம். வக்கீலிடம் சொல்ல வேண்டிய முதல் செய்தி இதுதான், கணவரைப் பற்றிய சந்தேகம் அல்ல.

இன்று ராத்திரி ஒரு வேலை செய்யுங்கள், குடிக்காமல். அன்று மதியத்திலிருந்து மறுநாள் காலை வரை உங்களுக்கு நினைவிருப்பதை எழுதுங்கள். நினைவில்லாத இடத்தில் "நினைவில்லை" என்றே எழுதுங்கள், ஊகத்தை வைத்து நிரப்பாதீர்கள். மேலே வக்கீல் பெயரைப் போட்டு, அவருக்கு எழுதியதாக எழுதுங்கள். உங்கள் ஜிபே கணக்கு, போனில் மேப் டைம்லைன், பெட்ரோல் பங்க் ரசீது எதையும் அழிக்க வேண்டாம். பேக்கரிக்கு அப்புறம் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பதற்கு உங்கள் நினைவைவிட அவை நல்ல சாட்சி. ஊரில் பத்துப் பேருக்கு இந்த வேலையைச் செய்து கொடுத்திருப்பீர்கள். உங்களுக்கு மட்டும் செய்யவில்லை.

இனி வழக்கை யார் நடத்துவது? நீங்கள் அல்ல. கல்யாணம் ஆகாததால் சட்டத்தின் கண்ணில் நீங்கள் வாரிசு கிடையாது. கணவர் இன்னும் கணவர்தான், அதுதான் கொடுமை. ஆனால் முதல் புகார் கொடுத்தவர் அம்மா. அது உங்களுக்குக் கிடைத்திருக்கும் ஒரே நல்ல செய்தி. வழக்கை முடித்து அறிக்கை போட்டால் புகார்தாரருக்குத் தகவல் சொல்லி, அவர் ஆட்சேபத்தைக் கேட்காமல் நடுவர் அதை ஏற்கக் கூடாது என்று 1985-லேயே பகவந்த் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று புதிய சட்டமும் சொல்கிறது. கல்யாணமாகி 7 வருடத்துக்குள் என்றால் கோட்டாட்சியர் விசாரணை தானாக வந்திருக்கும். இவருக்கு 11 வருடம் ஆகிவிட்டது.

இப்போது எஃப்.ஐ.ஆர். 194-ஆம் பிரிவில் இருக்கிறது, அதாவது சந்தேக மரணம், பழைய 174. அம்மா ஒரு மனு கொடுக்க வேண்டும். "என் மருமகன் கொன்றார்" என்று அதில் எழுத வேண்டாம், அவர் பார்க்கவில்லை. டயாட்டம் பரிசோதனை, கிணற்றுத் தண்ணீர், தீயணைப்பு வீரர்களின் வாக்குமூலம், பேக்கரிப் பெட்டி, சம்பந்தப்பட்ட எல்லோருடைய அழைப்புப் பதிவு, உங்களுடையதும் சேர்த்து, இவற்றைச் செய்யவில்லை என்று வரிசையாக எழுதினால் போதும். ஸ்டேஷனில் அசையவில்லை என்றால் மாவட்டக் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில், அதற்கும் பதில் இல்லை என்றால் பிரமாணப் பத்திரத்தோடு நீதித்துறை நடுவரிடம். அதற்கப்புறம்தான் ஹைகோர்ட், சி.பி.சி.ஐ.டி. எல்லாம். நேராக ஹைகோர்ட்டுக்குப் போனால் கீழே போய்விட்டு வரச் சொல்வார்கள். பணம் பிரச்சினை என்றால் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்டக் கோர்ட் வளாகத்திலேயே ஆபீஸ் இருக்கும், 15100-ல் கூப்பிட்டாலும் சொல்வார்கள்.

இறந்தவருடைய தம்பியைப் பற்றிக் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது, உங்கள் விஷயம் தெரிந்ததும் அக்காவோடு பேச்சை நிறுத்திவிட்டார் என்று. கடன் கொடுத்த ஒருவர் வீட்டுக்கு வந்து சத்தம் போட்டதாக இன்னொரு வரி. அந்தப் பெண் ஒரு மாதமாகத் தூங்கவில்லை, எடை குறைந்துவிட்டது என்று மூன்றாவதாக ஒரு வரி. இந்த மூன்றையும் தாண்டிக் கணவரிடமே போகிறீர்கள். கணவர் குற்றவாளியாக இருந்தால் உங்களுக்கு மனசு ஆறும், தற்கொலை என்றால் பேக்கரிச் சண்டை நினைவுக்கு வரும். எனக்குப் புரிகிறது. ஆனால் அதனால்தான் இந்த விசாரணையை உங்களிடம் விட முடியாது என்கிறேன். ஒரு கட்சிக்காரர் இப்படி ஒரு ரிப்போர்ட்டோடு உங்களிடம் வந்திருந்தால் நீங்களே திருப்பி அனுப்பியிருப்பீர்கள்.

அம்மா உங்களை வீட்டுக்குள் விட மாட்டார் என்கிறீர்கள். பேக்கரி விஷயம் இன்னும் அவருக்குத் தெரியாது, உங்கள் வாயால் தெரிய வேண்டும். வக்கீலைப் பார்த்த பிறகு, அவர் சரி என்று சொன்னால், ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பகலில் போங்கள். அந்த வீட்டுச் சாவி இன்னும் உங்களிடம்தானே இருக்கிறது, அதைக் கையோடு கொண்டுபோய் அவரிடம் கொடுத்துவிடுங்கள்.